திவாவின் உருவப்படம்: இத்தாலிய மௌனப்பட நட்சத்திரங்களும் ஸ்டூடியோ ஒளிப்படக்காரர்களும்

1910களில் இத்தாலியில் விற்ற நட்சத்திரத் தபால் அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 14 சென்டிமீட்டர் உயரமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, பழுப்பேறிய அட்டை. கறுத்த பின்னணியின் முன் ஒரு பெண் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து நிற்கிறார். இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன, ஒரு தோளிலிருந்து துணி நழுவியிருக்கிறது, விரல்கள் கழுத்தோரம் எதையோ தேடுவதுபோல் மடங்கியிருக்கின்றன. அடியில் நடிகையின் பெயர் அச்சாகியிருக்கும். அதைவிடச் சிறிய எழுத்தில், ஓரத்தில், ‘பிந்தோ, ரோம்’ என்றோ ‘வாரிஸ்கி–ஆர்த்திகோ, மிலான்’ என்றோ இன்னொரு பெயர் இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இது ஏதோ ஒரு திரைப்படத்தின் காட்சி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நடிகை அந்த உடையோடும் அந்தச் சாய்வோடும் எந்தப் படத்திலும் தோன்றாமலே இருந்திருக்கலாம். ஓரத்தில் சிறிதாக அச்சான அந்தப் பெயருக்கு உரியவரின் தொழில் என்ன, அவர் செய்த படம் எப்படிப்பட்டது என்பதை முன்னறிவு ஏதுமில்லாத வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மௌனப்படக் காலத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் நிழற்படங்கள் மூன்று வகையானவை. படச்சுருளிலிருந்து ஒரு சட்டத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கியது ஒரு வகை. அது மங்கலாகவும் மணல்மணலாகவும் இருக்கும். படப்பிடிப்புத் தளத்தில், ஒரு காட்சி முடிந்ததும் நடிகர்களை அதே நிலையில் அசையாமல் நிற்கச் சொல்லித் தனி கேமராவில் எடுத்தது இரண்டாம் வகை. திரையரங்கு வாசலில் மாட்டி ஆட்களை ஈர்ப்பதற்காக எடுக்கப்பட்ட இதைத்தான் நாம் ‘ஸ்டில்’ என்கிறோம். தளத்தோடு தொடர்பில்லாமல், நகரின் நடுவே இருந்த ஓர் ஒளிப்பட ஸ்டூடியோவுக்கு நடிகையே நேரில் வந்து, நாற்காலியில் அமர்ந்தோ திரைச்சீலையில் சாய்ந்தோ எடுத்துக்கொண்டது மூன்றாம் வகை. நாம் பேசப்போவது இந்த மூன்றாம் வகையைப் பற்றித்தான்.

இவற்றுக்கு இடையிலான தொலைவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். மௌனப்படத்தின் 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு சட்டத்தின் அளவு ஏறத்தாழ 18க்கு 24 மில்லிமீட்டர். ஸ்டூடியோ ஒளிப்படக்காரர் பயன்படுத்திய பெரிய கண்ணாடித் தகட்டின் அளவு 18க்கு 24 சென்டிமீட்டர். எண் ஒன்றேதான், அலகுதான் வேறு. நீளத்தில் பத்து மடங்கு, அகலத்தில் பத்து மடங்கு என்றால், பரப்பில் நூறு மடங்கு. கைப்பிடியைச் சுழற்றி வினாடிக்குப் பதினாறு சட்டங்கள் என்ற கணக்கில் ஓட்டப்பட்ட திரைக் கேமரா ஒவ்வொரு சட்டத்துக்கும் வினாடியின் ஒரு சிறு துண்டை மட்டுமே தந்தது. ஸ்டூடியோ கேமராவோ ஒரு முழு வினாடியை, தேவைப்பட்டால் அதற்கு மேலும், அதே முகத்தின் மீது செலவிட்டது. துணியின் நெசவும் இமைமயிரும் அட்டையில் எண்ணிவிடலாம்போல் தெரிவதற்கு இதுவே காரணம்.

அந்த முகம் ஏன் ஸ்டூடியோவைத் தேடி வரவேண்டியிருந்தது? லிதா பொரெல்லி முதன்முதலில் பெரும் பாத்திரம் ஏற்ற படம், தூரின் நகரத்து குளோரியா நிறுவனம் தயாரித்து மாரியோ கசெரினி இயக்கிய ‘மா லாமோர் மியோ நோன் முவோரே!’. ‘ஆனால் என் காதல் சாவதில்லை’ என்று பொருள்படும் அந்தப் படம் 1913-இல் வந்தது. இத்தாலியில் திவா என்னும் நட்சத்திரக் கொள்கையைத் தொடங்கிவைத்த படம் என்று அதைத்தான் வழக்கமாகச் சுட்டுகிறார்கள். திவா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் தெய்வப் பெண் என்று பொருள். அப்படிப்பட்ட படத்தில் கேமரா பெரும்பாலும் அறையின் இந்தக் கோடியில் நிலைகொண்டு, அந்தக் கோடியில் நடமாடும் நடிகையைத் தலைமுதல் கால்வரை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அன்றைய ரசிகர் திரையில் கண்டது பெரும்பாலும் ஓர் உடலின் அசைவை: முதுகின் வளைவை, கையின் நீட்சியை, துணி இழுபடும் வேகத்தை. முகத்தை நெருக்கத்தில் நிறுத்தி நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குத் தபால் அட்டையில்தான் கிடைத்தது. நெருக்கக் காட்சிகள் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஜொவான்னி பஸ்த்ரோனே இயக்கிய ‘இல் ஃபுவோகோ’ போன்ற படங்களில் அவை உண்டு, சிறப்பாகவும் உண்டு. ஆயினும் ஒரு திவாவின் முகம் என்று மக்கள் மனத்தில் பதிந்தது திரையைவிட ஸ்டூடியோவில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன்.

இந்த வழக்கம் திரைப்படத்தோடு தொடங்கியதன்று. அதற்கு முன்பே நாடகம் இதைச் செய்துவந்தது. எலெயோனோரா தூசே போன்ற மேடை நடிகைகளின் படங்களை மக்கள் வாங்கிச் சேர்த்துவந்தார்கள், ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவுக்கு அவை முன்கூட்டியே போய்ச் சேரும் விளம்பரமாகவும் இருந்தன. பொரெல்லியும் மேடையில் பெயர் பெற்ற பின்பே திரைக்கு வந்தவர் என்பதால், ஒளிப்படக்காரரின் முன் நிற்கும் கலையை முன்பே கற்றுத்தேர்ந்திருந்தார். இந்த நாடக மரபை அறிய விரும்புவோர் புளோரன்ஸ் நகரத்து மாரியோ நூனெஸ் வாய்ஸைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1856 முதல் 1932 வரை வாழ்ந்த அவர் பிழைப்புக்குப் பங்குத் தரகு பார்த்தவர். ஒளிப்படம் அவருக்கு விருப்பக் கலை மட்டுமே. தூசே உள்ளிட்ட நடிகையரும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவர் கேமராவின் முன் அமர்ந்தார்கள். 1913-இல் மரினெத்தி, பொச்சோனி முதலிய எதிர்காலவாதிகள் (இயந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய கலை இயக்கத்தார்) புளோரன்ஸில் கூடி நின்ற புகழ்பெற்ற குழுப்படமும் அவர் எடுத்ததுதான். கூலிக்காக எடுக்காதவர் என்பதால் அவரது படங்களில் ஒருவகை வீட்டு நெருக்கம் உண்டு. தொழில்முறை ஸ்டூடியோக்களின் கதை வேறு.

அந்த ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தன. கூரையின் ஒரு சரிவு முழுவதும் கண்ணாடி. அதுவும் வடக்கு நோக்கிய கண்ணாடி. இத்தாலி போன்ற நாட்டில் வடபுறத்தில் நேர் வெயில் விழுவதில்லை, ஆகவே காலையிலிருந்து மாலைவரை சீரான, நிழல் கூர்மையில்லாத வெளிச்சம் கிடைக்கும். அந்தக் கண்ணாடியின் அடியில் கயிற்றில் ஓடும் துணித்திரைகள் வரிசையாக இருக்கும்; ஒன்றை இழுத்து மூடி, மற்றொன்றைத் திறந்து, எங்கே வெளிச்சம் விழவேண்டும் என்று ஒளிப்படக்காரர் முடிவுசெய்வார். முகத்தின் நிழல்புறம் மிகவும் கறுத்துவிடாமலிருக்க வெள்ளைத் துணி போர்த்திய ஒரு தட்டியை அருகில் நிறுத்துவார். மழைநாளுக்கும் இரவு நேரத்துக்கும் வில்விளக்குகளும் பாதரச ஆவிக் குழல்விளக்குகளும் வந்துவிட்டன. இரண்டாவதாகச் சொன்ன குழல்விளக்குகள் திரைப்படத் தளங்களிலும் புழங்கியவை. அவற்றின் நீலப்பச்சை வெளிச்சத்தில் உயிரோடு நிற்கும் மனிதர் பிணம்போல் தோன்றுவார், படத்திலோ அழகாக விழுவார்.

அந்த முரண்பாட்டுக்குக் காரணம், அன்றைய தகடுகள் மனிதக் கண்போல் நிறங்களைக் காணாததுதான். இந்தக் கருத்து புரிந்துவிட்டால் அக்காலப் படங்களில் பாதி புதிர்கள் அவிழ்ந்துவிடும். வெள்ளி உப்பைத் தன் இயல்பில் விட்டால் அது நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலர் சாயம் கலந்து பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு உணரச் செய்யும் வழியைக் கண்டறிந்தார். அப்படி ஆன தகடுகளே ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகள். சிவப்பு மட்டும் அவற்றுக்குத் தெரியாது. சிவப்பாக உள்ளதெல்லாம் கறுப்பாகவே விழும். அதன் விளைவுகளை ஒரு முகத்தில் வைத்துப் பாருங்கள். இயல்பாகச் சிவந்த உதடு கறுத்துத் தடித்துவிடும். கன்னத்தின் செம்மை அழுக்குப்போல் படியும். வெயில் பட்ட சிறு புள்ளிகள், பருவின் சுவடுகள், கண்ணடியின் கருவளையம் எல்லாம் நேரில் தெரிவதைவிடப் பலமடங்கு தெரியும். நீலக் கண்கள் பாலேறியதுபோல் வெளுக்கும். பொன்னிறக் கூந்தல் மங்கிய பழுப்பாகிவிடும். அதனால்தான் பொன்னிறக் கூந்தல் உள்ளவரைப் படமெடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் தந்து கூந்தலின் விளிம்பை ஒளிவட்டமாக்கினார்கள். அந்த ஒளிவட்டத்தைக் கண்டு தெய்வத்தன்மை என்று வியந்தவர்கள், அதன் பின்னணியில் ஒரு வேதியியல் குறைபாடு இருந்ததை அறிந்திருக்கமாட்டார்கள்.

கேமரா, சக்கரம் பொருத்திய கனத்த மரத்தாங்கியின் மேல் துருத்தியோடு நின்ற ஒரு பெட்டி. ஒளிப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறத்து மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத்தான் கூர்மை சேர்ப்பார். இவ்வளவு பெரிய தகட்டுக்கு ஏற்ற நீண்ட லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறுகியது: கண் கூர்மையாக இருந்தால் காது மங்கிவிடும். இதைக் குறையாகக் கருதாமல் அழகாக்கிக்கொண்டார்கள். கண்ணிலும் உதட்டிலும் கூர்மை, தோளிலும் கூந்தலிலும் கரைவு என்ற அந்தப் பாங்குதான் பிறகு உலகெங்கும் நட்சத்திரப் படங்களின் இலக்கணமாயிற்று. கூர்மை சேர்த்தபின் மங்கல் கண்ணாடியை அகற்றி அங்கே தகட்டுப்பெட்டியைச் செருகுவார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒளிப்படக்காரருக்கு உருவம் தெரியாது. அவர் கேமராவின் அருகே நின்று, நடிகையின் முகத்தை வெறுங்கண்ணால் பார்த்தபடி, கையிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்துவார். அந்த ஒரு வினாடியும் நடிகை மூச்சை அடக்கியதுபோல் நிற்க வேண்டும். திவாக்களின் படங்களில் சாய்வும் ஊன்றலும் இவ்வளவு மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: கையை எங்கேனும் ஊன்றி, தலையை எதன்மீதேனும் சாய்த்தால்தான் அசையாமல் இருப்பது எளிது. சோர்வு, மயக்கம், ஏக்கம் என்று நாம் படித்துக்கொள்ளும் நிலைகள் சில, ஒரு வினாடி அசையாதிருப்பதற்கான உபாயங்களும் ஆகும்.

எடுத்த தகட்டை இருட்டறையில் கழுவிக் காயவைத்தபின், அது நேரே அச்சுக்குப் போவதில்லை. ரீடச் மேசைக்குப் போகும். நம் ஊர்ப் பழைய ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று சொன்ன வேலைதான் அது. சாய்ந்த ஒரு மரச்சட்டத்தில் நெகட்டிவை வைத்து, அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்புவார்கள். ஜெலட்டின் பக்கத்தில் பென்சில் பிடிப்பதற்காக மெல்லிய வார்னிஷ் ஒன்றைத் துணியால் தேய்ப்பார்கள். பிறகு ஊசிபோல் சீவிய கடினப் பென்சிலால், அரைப்புள்ளி அளவே உள்ள கீறல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போவார்கள். இங்கே புதியவர் தலையைச் சற்றுச் சுற்றவைக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் கறுப்பு கூடினால் படத்தில் வெளிச்சம் கூடும். ஆகவே கண்ணடிக் கருவளையம் நெகட்டிவில் வெளுத்த பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தைப் பென்சிலால் நிரப்பினால் படத்தில் கருவளையம் மறைந்துவிடும். கறுப்பாக்க வேண்டிய இடத்தில் கூர்மையான கத்தியால் ஜெலட்டினைச் சுரண்ட வேண்டும். வெளிர் உடை அணிந்த நடிகை கறுத்த பின்னணியின் முன் நிற்கிறார் என்றால், இடையின் ஓரத்தை நெகட்டிவில் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டினால் போதும், படத்தில் அந்த இரண்டு மில்லிமீட்டரும் பின்னணியோடு கலந்துவிடும். இடை அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

இந்த வேலை மிகையானால் முகம் மெழுகுப்பொம்மை ஆகிவிடும். அக்காலத்து மலிவு அட்டைகளில் அப்படிப்பட்ட மெழுகு முகங்களுக்குக் குறைவில்லை. நல்ல ஸ்டூடியோவுக்கும் சாதாரண ஸ்டூடியோவுக்கும் இருந்த வேறுபாட்டை நான் விளக்கில் தேடமாட்டேன், பென்சிலில்தான் தேடுவேன்: எந்தச் சுருக்கத்தை விட்டுவைப்பது என்று தெரிந்தவரின் கையில் முகம் முகமாகவே இருந்தது. இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எந்த அட்டையிலும் அச்சாவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி ஒரு ஒளிப்படக்காரரை அருகில் பார்ப்போம். எமிலியோ சொம்மாரிவா, 1883 முதல் 1956 வரை வாழ்ந்தவர், மிலான் நகரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். வடஇத்தாலியின் நாடகமும் இசைநாடகமும் பணமும் குவிந்த நகரம் அது. அவருடைய ஸ்டூடியோவுக்குப் பிரபுக் குடும்பத்தாரும் ஓவியர்களும் நடிகர்களும் வந்தார்கள், பொரெல்லியும் அவர்களுள் ஒருவர். சொம்மாரிவாவின் காலத்து உயர்ந்த ஸ்டூடியோக்கள் தம்மைக் கலைக்கூடங்களாகவே கருதிக்கொண்டன. பிக்டோரியலிசம் எனப்பட்ட பாங்கு அப்போது ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது: ஒளிப்படம் ஓவியத்தின் மென்மையைப் பெற வேண்டும், விவரத்தைவிடத் தொனி முக்கியம், அச்சிடும் தாளும் முறையும் கையால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அதன் கொள்கை. பிளாட்டினம், கரிச் சாயம், கோந்து என்று ஒவ்வோர் அச்சு முறைக்கும் தனித்தனிச் சாயலும் தாளின் தன்மையும் இருந்தன. ஆனால் அட்டையாக விற்கும்போது இந்த நுட்பமெல்லாம் புரோமைடு தாளில் இயந்திர வேகத்தில் பிரதியெடுக்கப்பட்டுவிடும் என்பது அந்தக் கலைக்கு நேர்ந்த விதி.

பொரெல்லியின் நிலைகள் எப்படிப்பட்டவை? உடல் நேரே நிற்பதே இல்லை. இடுப்பு ஒருபுறம், தோள் மறுபுறம், கழுத்து மீண்டும் இடுப்பின் பக்கம் என்று மெழுகுவத்திப் புகைபோல் ஒரு வளைவு. அன்றைய இத்தாலியில் லிபர்ட்டி பாணி என்று அழைக்கப்பட்ட, கொடிபோல் வளையும் கோடுகளைக் கொண்டாடிய அலங்காரக் கலையை உடலாலேயே வரைந்து காட்டியதுபோல் அது இருக்கும். இந்த நிலைகள் அட்டை வழியே நாட்டின் வீடுகளுக்குள் போனபோது, கண்ணாடி முன் நின்று அதைப் பழகிய இளம்பெண்களைக் கேலி செய்ய ‘பொரெல்லெஜாரே’ என்று ஒரு வினைச்சொல்லே உண்டாயிற்று. ‘பொரெல்லியைப்போல் செய்வது’ என்று அதற்குப் பொருள். திரையில் நொடியில் கடந்துபோகும் அசைவைப் பார்த்து ஒருவர் நிலையைக் கற்றுக்கொள்வது கடினம்; கையில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பழகக்கூடிய அசையாத படம்தான் இந்தச் சொல்லைச் சாத்தியமாக்கியது என்பது என் எண்ணம். நினோ ஒக்சிலியா இயக்கி, பியெத்ரோ மஸ்காஞ்ஞி இசையமைத்து, 1917-இல் வெளிவந்த ‘ரப்சோதியா சதானிகா’வில், இளமைக்காகப் பேயோடு ஒப்பந்தம் செய்துகொண்ட சீமாட்டியாகப் பொரெல்லி நடிக்கிறார். அதில் அவர் கண்ணாடி முன் துகில் போர்த்தி நிற்கும் இடங்களைப் பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும்: ஓர் உருவப்படத்திலிருந்து இன்னோர் உருவப்படத்துக்கு நடந்து போவதுதான் அந்த நடிப்பு. மறுஆண்டே, 1918-இல், அவர் வித்தோரியோ சீனியை மணந்து திரையை விட்டு விலகிவிட்டார். ஐந்தாண்டு காலத் திரைவாழ்வு. ஆனால் அட்டைகள் அதற்கு முன்பும் பின்பும் நீண்டன.

அக்காலத்தின் வேறு இரண்டு திவாக்களையும் பொரெல்லியோடு ஒப்பிட்டால் ஸ்டூடியோ என்ன செய்தது என்பது இன்னும் தெளிவாகும். ‘இல் ஃபுவோகோ’வில் கவிஞையாக வரும் பினா மெனிக்கெல்லி, தலையில் ஆந்தைச் சிறகுபோன்ற தொப்பியணிந்து, தாடையை உயர்த்திப் பார்ப்பவரைக் கீழ்க்கண்ணால் நோக்குவார், அவரது அட்டைகளிலும் அந்தத் தாடை உயர்வே முத்திரை. அதாவது பாத்திரமும் படமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. பிரான்செஸ்கா பெர்த்தினியின் கதை நேர் எதிரானது. 1915-இன் ‘அசுந்தா ஸ்பினா’வில் அவர் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைச் சலவைத் தொழிலாளி, உண்மையான தெருக்களில், தோளில் ஒரு சால்வையோடு நடந்துபோகிறார், அந்தச் சால்வையை இழுத்துக்கொள்ளும் விதத்திலேயே பாதி நடிப்பு நடந்துவிடுகிறது. ஸ்டூடியோ அட்டைகளிலோ முத்துமாலையும் மென்மயிர் மேலாடையுமாகச் சீமாட்டியாக இருப்பவரும் அதே பெர்த்தினிதான். ரசிகர்கள் இந்த முரணைக் கண்டு குழம்பியதாகத் தெரியவில்லை. திரையில் இருப்பது பாத்திரம், அட்டையில் இருப்பது ‘அவர்’ என்று கொண்டார்கள். அட்டையில் இருப்பதும் ஒரு பாத்திரமே என்பதை ஒளிப்படக்காரர்தான் நன்கு அறிந்திருப்பார்.

ஆண் நட்சத்திரங்களுக்கு இந்தக் கலை அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 1914-இன் ‘கபீரியா’வில் மாசிஸ்தே என்னும் பலசாலியாக வந்து பெரும்புகழ் பெற்ற பர்த்தொலொமேயோ பகானோ, அதற்குமுன் ஜெனோவா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். அவரை நிறுத்திப் படமெடுக்க மென்மையான திரைச்சீலை வெளிச்சம் வேண்டியதில்லை. புஜம் தெரிந்தால் போதும்.

அசையாமையே அடிப்படையான இந்தத் தொழிலின் நடுவிலேயே, அசைவைப் படமாக்க முயன்ற ஒரு குடும்பமும் இருந்தது. ஃப்ரோசினோனேயில் பிறந்த பிராகாலியா சகோதரர்களின் தந்தை சீனெஸ் திரைப்பட நிறுவனத்தில் உயர்பொறுப்பில் இருந்தவர். மூத்தவர் அந்தோன் ஜூலியோ, தம்பி ஆர்த்துரோவோடு சேர்ந்து, 1911 முதல் ‘ஃபோட்டோதினமிசுமோ’ என்ற சோதனையில் இறங்கினார். கேமராவின் கண்ணைத் திறந்தே வைத்து, அதன் முன் ஒருவர் தலையைத் திருப்பினால், ஒருவர் கன்னத்தில் அறைந்தால், ஒருவர் தட்டச்சு செய்தால், அந்த அசைவு முழுவதும் ஒரே தகட்டில் ஒளிக்கோடாக இழுபட்டு விழும். இதைத் தங்கள் இயக்கத்தோடு சேர்க்க வேண்டாம் என்று பொச்சோனி முதலிய எதிர்காலவாத ஓவியர்கள் 1913 அக்டோபரில் ‘லாச்செர்பா’ இதழில் வெளிப்படையாகவே அறிவித்தார்கள்; இயந்திரம் எடுத்த படத்தைக் கலை என்று ஏற்க இயந்திரத்தைப் போற்றிய இயக்கத்துக்கே மனம் வரவில்லை. அந்தோன் ஜூலியோ 1917-இல் ‘தாயிஸ்’ என்ற படத்தை இயக்கினார். ஆர்த்துரோவும் இன்னொரு தம்பி கார்லோ லுதொவிகோவும் ரோமில் உருவப்பட ஸ்டூடியோவை நடத்தினார்கள். கூரைக் கண்ணாடியின் சீரான வெளிச்சத்துக்கு மாறாக, ஒரு பக்கத்திலிருந்து வலுவாகப் பாயும் விளக்கொளியும் அழுத்தமான நிழலும் பிராகாலியா படங்களின் அடையாளமாயின. சொம்மாரிவாவின் மென்மையையும் பிராகாலியாவின் நிழலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பத்தாண்டுகளுக்குள் நட்சத்திரம் என்ற கருத்தே கொடியிலிருந்து கத்திக்கு மாறியிருப்பது தெரியும்.

வணிகப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒளிப்படக்காரர் எடுப்பவர் மட்டுமே. அட்டையாக அச்சிட்டு விற்றவர்கள் வேறு பதிப்பாளர்கள். புளோரன்ஸில் பல்லெரினி–ஃப்ரத்தினி, போலோஞ்ஞாவில் வெத்தோரி, மிலானில் த்ரால்தி, ஃபால்சி ஆகியோர் அவர்களுள் சிலர். ஆகவே ஓர் அட்டையில் மூன்று பெயர்கள் இருக்கக்கூடும்: நடிகை, ஒளிப்படக்காரர், பதிப்பாளர். ஒளிப்படக்காரரின் பெயர் சில வேளை தகட்டிலேயே கையெழுத்தாகக் கீறப்பட்டு, படத்தின் ஓரத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ விழுந்திருக்கும். அது இருந்தால் அந்த ஸ்டூடியோவின் படம் என்று துணிந்து சொல்லலாம். ரோமில் பிந்தோ, பெத்தினி, மிலானில் பதோதி, வாரிஸ்கி–ஆர்த்திகோ ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அட்டை வரிசை எண்ணைப் படம் எடுத்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. ஒரே தகடு பல ஆண்டுகள், பல பதிப்புகளில் விற்றிருக்கிறது.

முதல் உலகப் போருக்குப்பின் இத்தொழிலின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1919-இல் பெரிய நிறுவனங்களை ஒன்றுசேர்த்து அமைத்த யூனியோனே சினிமாத்தோகிராஃபிகா இத்தாலியானா என்ற கூட்டமைப்பு, கடன் தந்த வங்கி 1921-இன் இறுதியில் முறிந்ததும் நொடித்துச் சரிந்தது. பெர்த்தினி அதே ஆண்டில் மணம் செய்துகொண்டு திரையிலிருந்து பெரிதும் விலகினார், மெனிக்கெல்லி 1920களின் நடுவில் ஓய்ந்தார். அமெரிக்கப் படங்கள் அரங்குகளை நிறைத்தன. அவற்றோடு, நட்சத்திரத்தைத் தன் சொந்த ஊழியரான ஒளிப்படக்காரரைக் கொண்டு நிறுவனமே படமெடுக்கும் முறையும் வந்தது. சிவப்பையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடும் சுருளும் பரவியபின் ஒப்பனை மாறிற்று, ரீடச் மேசையின் வேலையும் குறைந்தது. நகர நடுவே, தன் பெயரில், தன் கூரைக் கண்ணாடியின் கீழ் ஒரு திவாவை உருவாக்கிய தனி ஸ்டூடியோக்காரர் மீண்டும் திருமணப் படங்களுக்கும் குழந்தைப் படங்களுக்கும் திரும்பினார்.

எளிதில் தீப்பற்றவும் நாள்பட்டால் மக்கிப்போகவும் கூடிய நைட்ரேட் சுருளில் எடுக்கப்பட்ட அக்காலப் படங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. கண்ணாடித் தகடு உடையும், ஆனால் மக்காது. சொம்மாரிவாவின் சேகரிப்பு மிலானில் பிரெரா தேசிய நூலகத்தில் இருக்கிறது. நூனெஸ் வாய்ஸின் படங்கள் ரோமில் கலைச்செல்வங்களைப் பட்டியலிடும் அரசு நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆகவே சில நடிகைகளை நாம் அறிவது பெரிதும் அவர்களது ஸ்டூடியோப் படங்கள் வழியாகவே. கண்டிராத படத்தை அட்டையிலிருந்து ஊகிக்கும் ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடிருக்க வேண்டியதும் இதனால்தான்.

இப்படிப்பட்ட ஓர் அட்டை அடுத்தமுறை உங்கள் கண்ணில் பட்டால், ஒரு பெருக்காடியை எடுத்து நடிகையின் கருவிழியைப் பாருங்கள். கன்னத்தையும் இடையையும் திருத்தியவர் பெரும்பாலும் அங்கே கைவைத்திருக்கமாட்டார். விழியின் மேற்பாதியில் சாய்ந்த ஒரு வெளிர்ச் சதுரம் தெரிந்தால், அது மேல்மாடி ஸ்டூடியோவின் வடக்குக் கூரைக் கண்ணாடி. கூர்மையான சிறு வட்டப்புள்ளி தெரிந்தால், அது விளக்கு. சதுரத்தின் நடுவே குறுக்காக இருண்ட கோடு ஓடினால், அன்று ஒளிப்படக்காரர் இழுத்துவிட்ட துணித்திரையின் விளிம்பு அது.